ழான்-மரி: பிரெஞ்சு ஆண்களின் பெயரில் மரியன்னை

கேள்வி இது: “எங்கள் கம்பெனியின் பிரெஞ்சு கிளையிலிருந்து மேலாளர் ஒருவர் மெயில் அனுப்புகிறார். பெயர் ‘ழான்-மரி’. இங்கிலீஷ் கண்ணால் படித்தால் ஜீன், மேரி என்று இரண்டுமே பெண் பெயர். அவர் ஆணா, பெண்ணா? பெயருக்குப் பொருள் என்ன? நடுவில் கோடு எதற்கு? சுருக்கி ‘ஜீன்’ என்று எழுதலாமா?”

அவர் ஆண். சுருக்கக் கூடாது.

குழப்பத்துக்குக் காரணம் இங்கிலீஷ்தான். முதல் பாதியில் இருக்கும் நாலு எழுத்தை இங்கிலீஷ்காரர் ‘ஜீன்’ என்று படித்துப் பெண்ணுக்கு வைப்பார். பிரெஞ்சில் அதே நாலு எழுத்து ‘ழான்’. நம் ஊர் ஜான், பைபிளின் யோவான். சுத்தமான ஆண் பெயர். அதன் பெண்பால் ‘ழன்’. எழுத்தில் பின்னால் இன்னும் இரண்டு எழுத்து சேரும், உச்சரிப்பில் கடைசி ‘ன்’ தெளிவாகக் கேட்கும். நாம் ஜோன் ஆஃப் ஆர்க் என்று படித்த வீராங்கனை பிரான்சில் ‘ழன் தார்க்’. ஆக ‘ழன்-மரி’ என்று ஒருவர் இருந்தால் அவர் பெண், ‘ழான்-மரி’ ஆண். எழுத்தில் இரண்டே எழுத்து வித்தியாசம் என்பதால் வெளிநாட்டுக்காரர்கள் படிவங்களில் அடிக்கடி கோட்டை விடும் இடம் இது.

இரட்டைப் பெயர்களுக்கு ஒரு பொது விதி உண்டு: முதல் பாதிதான் பாலைத் தீர்மானிக்கும். ழான்-மரி ஆண், மரி-ழன் பெண். ஸ்பானிஷிலும் இதேதான். ஹோசே மரியா என்றால் ஆண், மரியா ஹோசே என்றால் பெண். ஆனால் பிரெஞ்சில் பழைய ஆட்கள் விஷயத்தில் இந்த விதியை நம்பி இறங்கினால் காலை வாரிவிடும். 1942இல் லிபியப் பாலைவனத்தில் பிர் ஹக்கேம் கோட்டையை ஜெர்மன் தளபதி ரோமலின் படைக்கு எதிராகத் தாக்குப்பிடித்த ஜெனரல் கோனிக்கின் பெயர் மரி-பியேர். மீசை வைத்த ராணுவத் தளபதி. இன்றைக்கு மரி-பியேர் என்று யாராவது சொன்னால் பிரெஞ்சுக்காரர் மனதில் வருவது ஒரு பெண்மணிதான். இன்னொரு ஜோடி இதைவிட வேடிக்கை. திரைஃபுஸ் என்ற யூத ராணுவ அதிகாரியை உளவாளி என்று பொய்யாகத் தண்டித்த வழக்கில் உண்மையைத் தோண்டியெடுத்து, பிறகு 1906 முதல் 1909 வரை போர் அமைச்சராக இருந்த பிக்கார் என்பவர் மரி-ழோர்ழ். 1997 முதல் 2002 வரை விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் புஃபே என்பவரும் மரி-ழோர்ழ்தான். முதலாமவர் ஆண், இரண்டாமவர் பெண். காதுக்கு ஒரே பெயர். எழுத்தில் மட்டும் ஆணுடையதில் கடைசியில் ஒரு எழுத்து கூடுதல்.

பொருள் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். குழந்தைப் பெயர் பட்டியல்களில் போட்டிருப்பதைச் சேர்த்துப் படித்தால் “கடவுள் கருணை உள்ளவர் + கசப்பான கடல்” என்று வரும். அப்படி ஒட்டிப் படிப்பதில் அர்த்தமே இல்லை. ழான்-மரி என்று பெயர் வைத்த எந்தப் பெற்றோரும் எபிரேய அகராதியைப் புரட்டி வைக்கவில்லை. இரண்டு புனிதர்களின் பெயரைத்தான் வைத்தார்கள். ஆனாலும் வேரைத் தெரிந்துகொள்வதில் தப்பில்லை. ழான் என்பது எபிரேய ‘யோஹனான்’, கிரேக்க, லத்தீன் வழியே ‘யோஹான்னஸ்’ ஆகி, பிரெஞ்சு வாயில் தேய்ந்து ஓரசையான பெயர். ‘யாவே அருள்கூர்ந்தார்’ என்பது பொருள்; யாவே என்பது எபிரேயர்களின் கடவுள் பெயர். பழைய தமிழ்க் கத்தோலிக்கர்கள் யோவானை ‘அருளப்பர்’ என்று சொன்னது இந்தப் பொருளை அப்படியே பிடித்துக்கொண்டு செய்த மொழிபெயர்ப்பு. என் கணக்கில் இந்தப் பெயருக்கு எந்த மொழியிலும் இவ்வளவு அழகான ஆக்கம் அமையவில்லை.

மரி என்பது எபிரேய ‘மிரியாம்’. இதன் மூலம் பற்றி அறிஞர்களிடையே ஒருமித்த முடிவு கிடையாது. கசப்பு என்பார்கள், கலகம் என்பார்கள், எகிப்திய மொழியில் ‘அன்புக்குரியவள்’ என்பார்கள். ஐரோப்பியப் பக்திக்குள் நிலைத்தது இவை எதுவும் அல்ல, ஒரு எழுத்துப் பிழை. புனித ஜெரோம் இதைக் ‘கடல் துளி’ என்று விளக்கினார்; லத்தீனில் ‘ஸ்தில்லா மாரிஸ்’. படியெடுத்தவர் கையில் ஓர் உயிரெழுத்து மாறி ‘ஸ்தெல்லா மாரிஸ்’, அதாவது ‘கடலின் விண்மீன்’ ஆனது. சென்னையில் அந்தப் பெயரில் கல்லூரியே இருக்கிறதே, அதே சொல்தான். கடலோடிகளின் பாதுகாவலி என்ற மரியன்னையின் பட்டம் இப்படி உறுதிப்பட்டது. பிரான்சின் மேற்கில் பிரெத்தாஞ் கடற்கரைப் பகுதியில் ழான்-மரி அதிகம் வழங்கும் பெயர். பிரெத்தோன் மொழியில் அது ‘யான்-வரி’ ஆகிவிடும்.

இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்வதற்கு வேதத்திலேயே ஓர் இடம் உண்டு. யோவான் நற்செய்தி 19ஆம் அதிகாரத்தில், சிலுவையில் தொங்கும் இயேசு தம் தாயிடம் “இதோ உம் மகன்” என்றும், தம் அன்புச் சீடரிடம் “இதோ உம் தாய்” என்றும் சொல்கிறார். அந்தச் சீடர் யோவான் என்பது திருச்சபை மரபு. பிரெஞ்சுக் கோயில்களில் சிலுவைக்கு இந்தப் பக்கம் மரி, அந்தப் பக்கம் ழான் நிற்கும் சிற்பத்தைப் பார்க்காத கிராமத்தான் இல்லை.

சரி, ஆண் பிள்ளைக்கு ஏன் அம்மாவின் பெயர்? இதற்குப் பின்னால் அரசியலும் உண்டு. 1566இல் வந்த ரோமன் ஞானோபதேசம் என்ற திருச்சபைப் போதனை நூல் ஞானஸ்நானத்தில் புனிதர் பெயரையே வைக்கச் சொல்லி வலியுறுத்தியது. புராட்டஸ்டண்டுகள் மரியன்னை வணக்கத்தை மறுத்துக்கொண்டிருந்த காலம் என்பதால், மரி என்ற பெயர் “நாங்கள் கத்தோலிக்கர்” என்று அறிவிக்கும் அடையாளமாகவும் ஆனது. அடுத்து மன்னர் பதின்மூன்றாம் லூயி. கல்யாணமாகி 20 வருடத்துக்கு மேல் ஆகியும் வாரிசு இல்லாதிருந்தவர். ராணி கருவுற்றிருந்த சமயம், 1638 பிப்ரவரி 10 அன்று, பிரான்ஸ் நாட்டையே மரியன்னைக்கு ஒப்புக்கொடுத்து அரசாணை வெளியிட்டார். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 15 அன்று நாடு முழுக்கப் பங்குகளில் (ஒரு கோயிலுக்கு உட்பட்ட ஊர்ப்பகுதிகளில்) மாதா சுற்றுப்பிரகாரம் நடத்த வேண்டும் என்பதும் அதில் அடக்கம். அந்த செப்டம்பரில் பிறந்த பிள்ளைதான் பதினான்காம் லூயி. நாட்டுக்கே மாதா பாதுகாவலி என்றான பிறகு, பிள்ளை ஆணா பெண்ணா என்று பார்த்து மரி பெயரை வைப்பதில் பொருளில்லை. நேர்ச்சையாக, பாதுகாப்பாக, பெயர் வரிசையின் எங்கோ ஓரிடத்தில் அதைச் சேர்த்துவிடுவார்கள்.

அதனால்தான் பிரெஞ்சுப் பிரபலங்களின் முழுப்பெயரைத் தோண்டினால் மரி தட்டுப்பட்டுக்கொண்டே இருக்கும். வோல்தேர் என்ற புனைபெயருக்குப் பின்னால் இருப்பவர் பிரான்சுவா-மரி அருவே. மதத்தை வாழ்நாள் முழுக்கக் கிண்டலடித்தவர் மாதா பெயரைச் சுமந்துகொண்டுதான் இருந்தார். மின்னோட்டத்தின் அலகுக்குப் பெயர் தந்த ஆம்பியர், அந்த்ரே-மரி. விக்தர் ஹ்யூகோவுக்கு இரண்டாம் பெயர் மரி. சார்ல் தெ கோல்: சார்ல் அந்த்ரே ழோசெஃப் மரி. சோஷலிஸ்ட் அதிபர் மித்தரான்: பிரான்சுவா மொரிஸ் அத்ரியேன் மரி. லியோன் நகரத்து நெசவாளர் மகனான ஜக்கார்டும் ழோசெஃப்-மரிதான். காஞ்சிபுரத்துத் தறியின் மேலே துளை போட்ட அட்டைகளோடு ஏறி நிற்கிறதே ஜக்கார்டு பெட்டி, அந்த ஜக்கார்டு. ஜெர்மன் மொழிக் கவி ரில்கே, நாவலாசிரியர் ரெமார்க் இருவருக்கும் நடுப்பெயர் மரியா. கத்தோலிக்க ஐரோப்பா முழுக்க இருந்த பழக்கம் இது.

நமக்கும் இது புதிதில்லை. தூத்துக்குடி, நெல்லை, குமரி பக்கம் மரிய சூசை, மரிய அந்தோணி, மரியதாஸ் என்ற ஆண்கள் எத்தனை பேர்! ஆணுக்கு மரியா பெயரா என்று அங்கே யாரும் புருவம் உயர்த்துவதில்லை.

ழான்-மரி என்ற குறிப்பிட்ட சேர்க்கைக்குப் பின்னாளில் வலு கொடுத்தவர் ஒரு கிராமத்துப் பங்குச் சாமியார். 1786இல் லியோனுக்கு அருகே தார்தியில் பிறந்த ழான்-மரி வியான்னி, 1818இல் ஆர்ஸ் என்ற சிற்றூருக்குப் பங்குத்தந்தையாகப் போய், 1859 ஆகஸ்ட் 4 அன்று சாகும்வரை அங்கேயே இருந்தார். பாவசங்கீர்த்தனம், அதாவது மக்கள் தம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்பதை, கேட்பதில் பேர்பெற்றவர். நாடெங்கிலுமிருந்து ஜனங்கள் வந்து அவருடைய பாவசங்கீர்த்தனத் தொட்டி முன் காத்துக்கிடந்தார்கள். 1925இல் புனிதர் பட்டம், 1929இல் பங்குக் குருக்களின் பாதுகாவலர் என்ற பட்டம். தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கு அவர் புனித ஜான் மரிய வியான்னி. பிரெஞ்சு நாட்காட்டியில் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு புனிதர் பெயர் இருக்கும். ழான்-மரிகளுக்குப் பெயர்நாள் ஆகஸ்ட் 4. அன்றைக்கு “போன் ஃபெத்” என்று ஒரு வரி எழுதினால் உங்கள் மேலாளர் ஆச்சரியப்படுவார். ருவாண்டாவில் ‘ழான்-மரி வியான்னி’ என்று மூன்றையும் சேர்த்தே பெயராக வைப்பது சகஜம்.

ஒற்றைப் பெயர் போதாதா, எதற்கு இரட்டை? பங்கு ஞானஸ்நானப் பதிவேடுகளைப் பார்த்தால் காரணம் புரியும். 1539இன் வில்லர்-கொத்தரே அரசாணை ஞானஸ்நானப் பதிவேடு வைக்கச் சொன்னது முதல் பெயர்கள் எழுத்தில் இருக்கின்றன. ஒரே ஊரில் ழான், பியேர், பிரான்சுவா என்று விரல்விட்டு எண்ணக்கூடிய பெயர்களே திரும்பத் திரும்ப வரும். பெயரைத் தேர்ந்தெடுப்பதில் பெற்றோரைவிட, ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்று நிற்கும் ஞானப்பெற்றோருக்குத்தான் பங்கு அதிகம். ஞானத்தகப்பன் ழான், ஞானத்தாய் மரி என்றால் பிள்ளை ழான்-மரி. அண்ணன் ஏற்கெனவே ழான் என்றால் தம்பி ழான்-பியேர். இருக்கிற சில பெயர்களை வைத்தே ஆளைப் பிரித்துக் காட்ட இரட்டையாக்குவது எளிய வழி.

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு சட்டமும் இதே திசையில் தள்ளியது. 1803 ஏப்ரல் 1 சட்டம் (புரட்சி நாட்காட்டிப்படி 11ஆம் ஆண்டு ழெர்மினால் 11), நாட்காட்டிகளில் உள்ள பெயர்களையும் பண்டைய சரித்திரத்தில் புகழ் பெற்றோரின் பெயர்களையும் தவிர வேறெதையும் பதிவு செய்யக் கூடாது என்றது. புதுப் பெயர் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அனுமதித்த இரண்டை ஒட்டலாம். 1966 ஏப்ரல் 12 அன்று வந்த அரசு வழிகாட்டுதல் இதற்கும் வரம்பு போட்டது. இரண்டு பெயர் வரை ஒட்டலாம், ழான்-பியேர், மரி-பிரான்ஸ் சரி. மூன்றை ஒட்டி ழான்-போல்-ஈவ் என்று வைக்கக் கூடாது. இந்தப் பூட்டையெல்லாம் 1993 ஜனவரி 8 சட்டம் திறந்துவிட்டது. இன்று பெற்றோர் விரும்பிய பெயரை வைக்கலாம். குழந்தையின் நலனுக்கு எதிரானது என்று பதிவாளர் நினைத்தால் அரசு வழக்கறிஞருக்குத் தெரிவிப்பார், அவர் தேவைப்பட்டால் குடும்ப நீதிபதியிடம் கொண்டுபோவார்.

இப்போது அந்தக் கோடு. பெரும்பாலானவர்கள் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். இல்லை, சட்டப்படி அது வேலை செய்கிறது. பிரெஞ்சுக் குழந்தைக்குப் பிறப்புப் பதிவில் இரண்டு, மூன்று, நான்கு பெயர்கள் இருக்கும்; அவற்றைக் காற்புள்ளி போட்டுப் பிரிப்பார்கள். “ழான், மரி, லூயி” என்றால் மூன்று தனிப்பெயர்கள். அன்றாடம் அவர் ழான். “ழான்-மரி, லூயி” என்றால் இரண்டே பெயர்கள். முதல் பெயர் ழான்-மரி. அதைப் பிய்த்து ‘ழான்’ மட்டும் எழுதுவது ராமலிங்கத்தை ராமு என்று சுருக்குவது மாதிரி அல்ல. அது வேறொரு ஆளின் பெயர். அலுவலகத்தில் ஒரு ழானும் ஒரு ழான்-மரியும் ஒரு ழான்-லுய்க்கும் இருக்கும்போது ‘ஜீன்’ என்று மெயில் போட்டால் யாருக்கு என்றே தெரியாது.

பதிவில் உள்ள பெயர்களில் எதையும் அன்றாடப் பெயராக வைத்துக்கொள்ளும் உரிமையை பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 57ஆம் பிரிவு தருகிறது. வலதுசாரி அரசியல்வாதி லெ பென் (1928–2025) பிறப்புப் பதிவில் ழான் லூயி மரி. ஊருக்குத் தெரிந்தது ழான்-மரி. பாரிஸ் பேராயராக இருந்த கர்தினால் லுஸ்திழே யூதக் குடும்பத்தில் ஆரோன் என்ற பெயரோடு பிறந்து, 1940இல் ஞானஸ்நானம் பெற்றபோது ழான்-மரியைச் சேர்த்துக்கொண்டவர், ஆரோனையும் விடவில்லை.

கோடு காணாமல் போவதால் வரும் தொல்லை பயண ஆவணங்களில்தான் அதிகம். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகள், வரிக்கு 44 குறிகள் இருக்கும். சர்வதேச விதிப்படி அங்கே இணைப்புக்கோடு வராது. அதற்குப் பதில் ஒரு கோண அடையாளம் போடுவார்கள். தனிப்பெயர்களைப் பிரிப்பதற்கும் அதே கோண அடையாளம்தான். விளைவு: அந்த வரியை மட்டும் படிக்கும் இயந்திரத்துக்கு ழான்-மரி ஒரு பெயரா, ழான், மரி என்று இரண்டு பெயரா என்று தெரியாது. முதல் துண்டை மட்டும் எடுத்து ‘ழான்’ என்று பதிந்துகொள்ளும் மென்பொருள்கள் உண்டு. அப்புறம் விமான டிக்கெட்டில் ஒன்று, ஹோட்டல் பதிவில் ஒன்று, விசாவில் ஒன்று. நீங்கள் அவருக்கு டிக்கெட் போடும் பொறுப்பில் இருந்தால், பாஸ்போர்ட்டின் மேல்பகுதியில் அச்சடித்திருக்கும் பெயரைப் பாருங்கள், அடிவரியை அல்ல. டிக்கெட் அமைப்பு கோட்டை ஏற்காவிட்டால் இரண்டு பாதியையும் ஒட்டியோ இடைவெளி விட்டோ எழுதுங்கள். இரண்டாம் பாதியை விட்டுவிட மட்டும் செய்யாதீர்கள். மரியைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போடுவது அடுத்த தவறு. நம் பக்கத்து அழைப்பிதழ்களில் “மிஸ்டர் மேரி” என்று வந்து நிற்பது அதனால்தான்.

இனிஷியலிலும் ஜாக்கிரதை தேவை. பிரெஞ்சில் ழான்-மரியைச் சுருக்கினால் இரண்டு எழுத்து, இரண்டுக்கும் புள்ளி, நடுவில் கோடு: ‘ஜே.-எம்.’. நம் வழக்கப்படி முதல் எழுத்தை அப்பா பெயர் என்று எண்ணிவிடக் கூடாது; இரண்டும் அவருடைய சொந்தப் பெயர். 2008 இலக்கிய நோபல் பெற்ற லெ க்ளேசியோவின் நூல் அட்டையில் இருக்கும் ஜே.எம்.ஜி. என்பது ழான்-மரி குஸ்தாவ். அவர் குடும்பம் பிரெத்தாஞிலிருந்து மொரிஷியஸ் போன குடும்பம். 1987 வேதியியல் நோபலில் பங்குபெற்ற லேனும் ழான்-மரிதான்.

உச்சரிப்புக்கு வருவோம். ‘ழான்’ என்று தமிழில் எழுதுவது மொழிபெயர்ப்பாளர்கள் வழக்கமாக்கிய ஏற்பாடு; நம் ‘ழ’வை நாக்கை மடக்கி உச்சரித்தால் பிரெஞ்சுக்காரருக்குப் புரியாது. இங்கிலீஷ் ‘டெலிவிஷன்’ என்ற சொல்லின் நடுவில் வரும் ஒலிதான் அது. ‘ஷ’ சொல்லிக்கொண்டே தொண்டையை அதிரவிட்டால் வந்துவிடும். பின்னால் வரும் ‘ன்’ முழு மெய் அல்ல. நாக்கு நுனி மேலே தொடாமல், மூச்சில் கொஞ்சத்தை மூக்கு வழியே விட்டால் போதும். தொட்டுவிட்டால் அது ‘ழன்’ பக்கம் போய்ப் பெண்ணாகிவிடும். இரண்டாம் பாதி ‘மரி’, குறில்; ‘மேரி’ என்று நீட்டாதீர்கள். பிரெஞ்சில் ‘மேரி’ என்ற ஒலியோடு ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறது: நகராட்சி அலுவலகம். இரண்டு பாதியையும் ஒரே மூச்சில், அழுத்தம் கடைசி ‘ரி’யில் விழும்படி சொல்ல வேண்டும்.

அழைக்கும் முறை. முதல் மெயிலில் ‘மிஸ்யூ’ போட்டுக் குடும்பப் பெயரை எழுதுங்கள். ‘ஜான் சார்’ என்ற நம் பாணியில் ‘மிஸ்யூ ழான்-மரி’ என்று எழுதுவது அங்கே பழங்காலத்துப் பெரிய வீட்டு வேலையாட்களை நினைவூட்டும் தொனி, தவிர்த்துவிடலாம். அவரே கையெழுத்தில் ‘ழான்-மரி’ என்று மட்டும் போட ஆரம்பித்தால் நீங்களும் அப்படியே அழைக்கலாம். ‘அன்புள்ள’ என்ற பொருளில் வரும் ‘ஷேர்’ ஆணுக்கு ஒரு எழுத்துக்கூட்டு, பெண்ணுக்கு ஒன்று. மரியைப் பார்த்துப் பெண்பாலைப் போட்டுவிடாதீர்கள். நண்பர்கள் செல்லமாகச் சுருக்குவது உண்டு. ழான்-மிஷெல் ‘ழான்-மி’ ஆவார், ழான்-ஃபிலிப் ‘ழான்-ஃபி’ ஆவார், பலர் வெறும் இரண்டு எழுத்தாக ஆகிவிடுவார்கள். இதையெல்லாம் அவர் சொன்ன பிறகு செய்யுங்கள்.

பெயரைப் பார்த்தே வயதைக் கணிக்கலாம் என்பது இதில் ஒரு சுவை. ழானோடு ஒட்டும் இரண்டாம் பாதி தலைமுறைக்குத் தலைமுறை மாறியது. பதினெட்டாம் நூற்றாண்டில் ழான்-பத்தீஸ்த், ழான்-பிரான்சுவா, ழான்-ழாக், ழான்-மரி. 1930களிலும் 40களிலும் ழான்-பியேர், ழான்-க்ளோத் வெள்ளம். அடுத்து ழான்-லுய்க், ழான்-மிஷெல், ழான்-மார்க். ழான் என்ற ஒற்றைப் பெயர் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அத்தனை பெருத்துப்போயிருந்தது. வகுப்பில் பாதிப்பேர் ழான் என்றால் வாலைச் சேர்க்காமல் என்ன செய்வது? இன்று பிரான்சில் பிறக்கும் குழந்தைக்கு ழான்-மரி என்று வைப்பவர் அரிது. வைத்தால், பாரம்பரியக் கத்தோலிக்கக் குடும்பம் என்று அக்கம்பக்கம் முடிவு கட்டிவிடும். ஆகவே உங்கள் மேலாளருக்கு அறுபதை ஒட்டிய வயது இருக்கலாம் என்று ஊகித்தால் பெரும்பாலும் பொய்க்காது. ஆனால் அவர் பக்தி பற்றி எதையும் ஊகிக்காதீர்கள். அந்தத் தலைமுறையில் பெயர் தாத்தாவுக்காக வைத்தது, அவ்வளவுதான்.

இரட்டைப் பெயருக்கு வர்க்க வாடையும் உண்டு. சார்ல்-ஆன்ரி, மரி-ஷந்தால் என்றால் பங்களாவும் குதிரைச் சவாரியும் நினைவுக்கு வரும்; மரி-ஷந்தால் பகட்டுக்காரிக்குக் கிண்டல் பெயராகவே ஆகிவிட்டது. இணையத் தலைமுறை, ழானை எதனோடும் ஒட்டி நையாண்டி செய்கிறது. அரைகுறையாக எதையும் செய்பவனுக்கு ‘ழான்-மிஷெல் அ-பு-ப்ரே’ என்று பெயர், பின்பாதிக்கு ‘ஏறக்குறைய’ என்று பொருள். பழைய பாணி ழானையும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் காலத்துக் கெவினையும் ஒட்டிய ‘ழான்-கெவின்’ பொடியன்களைக் கேலி செய்ய. ழான்-மரி இந்தக் கேலிகளில் அதிகம் சிக்காத, சற்றே வயதான, மரியாதையான பெயர்.

பிரான்சுக்கு வெளியிலும் பரவியிருக்கிறது. 1986 உலகக் கோப்பையில் பெல்ஜியத்தின் கோல்கீப்பர் ஃபாஃப், ழான்-மரி. பசிபிக் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுப் பகுதியான நியூ கலிடோனியாவின் கனாக் பழங்குடி மக்கள் தலைவர் சிபாவு (1936–1989), ழான்-மரி. கனடாவில் பிரெஞ்சு பேசும் மாகாணமான கியூபெக்கின் வழக்கம் கொஞ்சம் வேறு: அங்கே பல தலைமுறைகளாக ஆண் பிள்ளை எல்லோருக்கும் ஞானஸ்நானத்தில் முதலில் ‘ழோசெஃப்’, பெண் பிள்ளை எல்லோருக்கும் ‘மரி’ சேர்த்துவந்தார்கள், கூப்பிடும் பெயர் பின்னால் வரும். முன்னாள் கனடாப் பிரதமர் பியேர் த்ரூதோவின் முழுப்பெயர் ழோசெஃப் என்றுதான் தொடங்கும்.

தமிழர்களிடமும் இந்த இரட்டைப் பெயர்கள் போயிருக்கின்றன. புதுச்சேரி, காரைக்கால் கத்தோலிக்கர்களிடமும், 1881 செப்டம்பர் 21 அரசாணைப்படி சொந்தச் சமூகச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்று, குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டவர்களின் வழிவந்தவர்களிடமும் பிரெஞ்சு முதற்பெயர்கள் சகஜம். ரெயூனியன், குவாதலூப் தீவுகளுக்குக் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் பேரப்பிள்ளைகளிடம் முன்னால் பிரெஞ்சுப் பெயர், பின்னால் தமிழ்ப் பெயர். ரெயூனியனின் மூத்த அரசியல்வாதி ழான்-போல் விராபுல்லேயின் குடும்பப் பெயரில் ஒரு ‘பிள்ளை’ ஒலிப்பது நம் காதுக்குத் தெரியும்.

உங்கள் குடும்பத்திலேயே இப்படி ஒரு கொள்ளுத்தாத்தா இருந்து பிரெஞ்சு இந்தியப் பதிவேடுகளில் தேடப் போகிறீர்கள் என்றால் ஒரு வார்த்தை. எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த பகுதிகளின் தேசிய ஆவணக் காப்பகம் அந்தப் பதிவேடுகளை இணையத்தில் போட்டிருக்கிறது. முதலில் பத்தாண்டு அட்டவணையை (பத்து ஆண்டுப் பதிவுகளின் பெயர்ப் பட்டியலை) திறந்து குடும்பப் பெயரைப் பிடியுங்கள், பிறகு பதிவுக்குப் போங்கள். பழைய எழுத்தர்கள் கோடு போடுவதில் ஒழுங்கு பார்த்ததில்லை. ஒரே ஆள் பிறப்பில் ‘ழான் மரி’, திருமணத்தில் ‘ழான்’, சாவில் ‘மரி’ என்றுகூட இருப்பார். லத்தீனில் எழுதிய பங்குப் பதிவேட்டில் அவரே ‘யோவான்னஸ் மரியா’. எனவே எல்லா வடிவத்திலும் தேட வேண்டும். ஆணா பெண்ணா என்று சந்தேகம் வந்தால் பெயரை விட்டுவிட்டுப் பக்கத்துச் சொற்களைப் பாருங்கள். ‘ஃபிஸ்’ என்றால் மகன், ‘ஃபிய்’ என்றால் மகள். ‘பிறந்தவர்’ என்ற பொருளில் வரும் ‘நே’ என்ற சொல்லின் கடைசியில் ஓர் எழுத்து கூடியிருந்தால் பெண். பெற்றோர் பெயர், தேதி, ஊர் மூன்றில் குறைந்தது இரண்டாவது ஒத்துப்போனால் தவிர, ழான்-மரி என்ற பெயர் பொருந்துகிறது என்பதற்காக மட்டும் அவரை உங்கள் வம்சாவளியில் சேர்த்துவிடாதீர்கள். ஒரே பங்கில், ஒரே பத்தாண்டில், அதே பெயரில் இன்னும் இரண்டு பேர் இருப்பார்கள்.